சனிக்கிழமைக் கண்டுபிடிப்புகள்

இங்க யாரும் வரலைங்க, உக்காருங்க. அந்த பைலை மடியிலயே வெச்சுக்குங்க, மேல வெச்சீங்கன்னா பிரேக் போடறப்ப வந்து விழுந்துரும். காலேஜு அட்மிசனுங்களா? பையனுக்கா? முடிஞ்சுதுங்களா? நல்லதுங்க. கையெழுத்தெல்லாம் போட்டுட்டீங்களா? போட்டிருப்பீங்க. பெத்தவன்னா போடத்தானே வேணும். நானும் அப்படியொரு எடத்துல இருந்துதானுங்க வர்றேன். நான் போடலைங்க.

ஏன்னு நீங்க கேக்க மாட்டீங்க, மரியாதப்பட்டவரு. நானே சொல்றனுங்க. நீங்க எங்க, நம்பியூருங்களா? நான் கோபி. நேரமிருக்குது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. தென்னந்தோப்பு இருக்குது, சோத்துக்குப் பஞ்சமில்லை. புள்ளைங்க ரெண்டு. மூத்தது நிறைமதி, மதின்னு கூப்புடுவோம், பதினேழு முடிஞ்சுது. அடுத்தவன் ஆதன், பதினஞ்சு. எட்டு வருசமா ரெண்டு பேத்தையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம ஊட்டுலயே வெச்சு நானே சொல்லிக்குடுத்தேன். நானேங்க. டீச்சரில்லை, டியூசனில்லை, ஒருத்தன் தயவில்லை. எட்டு வருசம். நீங்க ஒரு மாசம் பண்ணிப் பாருங்க தெரியும்.

எதுக்கு நிறுத்துனேன்னா, மதி அப்ப நாலாங்கிளாஸ். அன்னிக்கு வெள்ளை சாக்ஸ் போடற நாளு. மழைக்குத் தொவைச்சது காயலை, சாம்பல் கலர் போட்டுட்டுப் போயிட்டா. அதுக்குக் கொடிக்கம்பத்துக்கிட்ட வெயில்ல முட்டி போட வெச்சுட்டாங்க. வேற சோலியா அந்த வழியாப் போனவன் கேட்டுக்கு வெளிய இருந்து பாத்துட்டேன். உள்ள போயி நான் போட்ட சத்தம் மூணு தெருவுக்குக் கேட்டுச்சும்பாங்க. அன்னிக்கே டி.சி. வாங்கிட்டு ரெண்டு புள்ளைகளையும் வண்டியில வெச்சுக் கூட்டியாந்துட்டேன். வர்ற வழியெல்லாம் மதி அழுதுட்டே வந்தா. அழுவாத கண்ணு, இனி உன்னை ஒருத்தரும் முட்டி போட வெக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? ஷர்மிளாவை இனிப் பாக்க முடியாதுங்களாப்பாங்கறா. யாரோ கூடப் படிச்ச புள்ளை. அதுக்குப் போயி அழுவறா பாருங்க, கொழந்தைதானே.

அதுக்கப்புறம் எங்க ஊட்டுல மணியில்லை, பரீச்சையில்லை, மார்க்கில்லை. எல்லாம் புள்ளைங்க இஷ்டம். காலையில அஞ்சரைக்கு எந்திரிக்கோணும், ஆறு மணிக்குத் தோப்பு, எட்டரைக்கு வாசிப்பு, பத்துக்குக் கணக்கு, பதினொண்ணரைக்குக் கைவேலை. மத்தபடி இஷ்டந்தான். பாடப் புஸ்தகம் மட்டும் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். எங்கூட்டுக்காரி பூங்கொடி ஒரு தடவை ஈரோட்டுல இருக்கற அவ அக்கா ஊட்டுல இருந்து பழைய புஸ்தகம் நாலு கொண்டாந்தா. நான் ஒண்ணும் சண்டை போடலைங்க, கொண்டுபோயி எடைக்குப் போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கலை. புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

காலையில ஆறு மணிக்குத் தோப்புக்குத் தாட்டி விட்டா ரெண்டும் மோட்டார் ரூம் பக்கம் போயிரும். எட்டரை வரைக்கும் சத்தமே இருக்காது. ஊட்டுக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்லுவேன், மெதுவாப் பேசுங்க, புள்ளைங்க மரத்துகிட்டப் பாடம் கேட்டுட்டிருக்குதுங்கன்னு. ஆமாங்க, ஊட்டுக்கு ஆளுக வருவாங்க. திருப்பூரு, கரூரு, சத்தியமங்கலம், எங்கெங்கயோ இருந்து. பள்ளிக்கூடத்து மேல வெறுத்துப்போன பெத்தவங்க. வாட்ஸப்புல குரூப்பே இருக்குதுங்க, முன்னூத்திச் சில்லறைப் பேரு. நாந்தான் அட்மின்.

சனிக்கிழமை சாயந்திரந்தான் எங்க ஊட்டுல முக்கியம். ரெண்டு பேரும் என்ற முன்னால நின்னு, அந்த வாரம் தானாக் கண்டுபிடிச்சது ஒண்ணு சொல்லோணும். தானா. யாரும் சொல்லிக்குடுக்காம, எதுலயும் படிக்காம. நான் தேதி போட்டு நோட்டுல எழுதிக்குவேன். மொதல்ல அஞ்சு வருசம் பெருசா ஒண்ணும் இருக்காதுங்க. எறும்பு மழைக்கு முன்னால முட்டையத் தூக்கிட்டுப் போகுது, கோழி எடது காலால சீக்குது, இப்படி. ஆதன் பாதி வாரம் திருதிருன்னு முழிப்பான். முழிச்சா ஞாயித்துக்கெழமை டி.வி. கெடையாது, அவ்வளவுதான். ஒரு அடி அடிச்சதில்லைங்க நான்.

அப்புறம் மூணு வருசத்துக்கு முன்னால பாருங்க, திடீர்னு கொட்டோ கொட்டுன்னு கொட்ட ஆரம்பிச்சுது. ஒரு சனிக்கிழமை மதி சாமி ரூமுல இருந்த செம்புச் சொம்பை எடுத்துட்டு வந்து, அப்பா, இது ஏன் பச்சை புடிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்னா. காத்துல இருக்கற ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் செம்போட சேந்து அப்படிப் படியுதாம். புளி போட்டுத் தேச்சா ஏன் போயிருதுன்னும் சொன்னா. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சுங்க. கார்பன் டை ஆக்சைடுங்கற பேரை எங்க கேட்டே கண்ணுன்னேன். ரேடியோவுலன்னா. பாருங்க, காதுல விழுந்த ஒரு பேரை வெச்சுட்டு எங்க வரைக்கும் போயிருக்குதுன்னு நெனச்சேன். பொள்ளாச்சியில ஒரு கூட்டத்துக்குப் பேசக் கூப்புட்டிருந்தாங்க, அந்தச் சொம்பையே கையில கொண்டுபோனேன். என்ற புள்ளை ஒரு புஸ்தகத்தைத் தொடாம கண்டுபிடிச்சதுன்னு தூக்கிக் காட்டினேன். கை தட்டினாங்க பாருங்க. மதி மொத வரிசையில தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தா. கூச்சம்னு நெனச்சேன்.

சரி, இந்த வருசம் காலேஜு. பரீச்சை எழுதாம எப்படிங்க காலேஜுல சேத்துவாங்கன்னு பூங்கொடி கேட்டா. ஒரு தடவைதான் கேட்டா, மெதுவாக் கேட்டா. நீ சும்மா இருன்னேன். எட்டு வருசத்து நோட்டையும் மூணு வால்யூமாப் பைண்டிங் பண்ணினேன். அதோ, மேல மஞ்சப் பையில இருக்குது பாருங்க, அதுதான். கோயமுத்தூர்ல ஒரு காலேஜு, பேரு வேண்டாமுங்க, அங்க மார்க்கைப் பாக்க மாட்டாங்க, புள்ளையப் பாத்துத்தான் எடுப்பாங்கன்னு குரூப்புல ஒருத்தரு சொல்லியிருந்தாரு. ஆறு பக்கத்துக்கு லெட்டர் எழுதிப் போட்டேன். பதினஞ்சே நாளுதான், இன்ன தேதிக்கு நேர்ல வாங்கன்னு மதி போனுக்கு மெசேஜு வந்துருச்சு. என்ற லெட்டருக்குத்தான் வந்துச்சுன்னு நெனச்சேன். வேற என்ன நெனப்பேன் சொல்லுங்க? நம்ம வழி செயிச்சிருச்சுன்னு குரூப்புல போட்டேன். நூத்தி எம்பது பேரு வாழ்த்துச் சொன்னாங்க.

இன்னிக்குக் காலையில போனோமுங்க, நானும் மதியும். ரூமுக்குள்ள ஒரு புரொபசரம்மா. நல்ல மாதிரித்தான். நான் மூணு வால்யூமையும் டேபிள் மேல வெச்சு, கண்ணாடியப் போட்டுட்டு, பக்கம் பக்கமாத் திருப்பி விளக்கிச் சொன்னேன். கால்மணி நேரம் பொறுமையாக் கேட்டாங்க. கேட்டுட்டு, சரிங்க சார், பிளஸ் டூ மார்க் ஷீட்டு குடுங்கன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏனுங்கம்மா, இவ்வளவு நேரம் நான் என்ன சொன்னேன், என்ற புள்ளை பரீச்சை ஹாலுக்குள்ள காலே வெச்சதில்லைன்னேன்.

அப்பத்தானுங்க மதி பையத் தொறந்தா. உங்க கையில இருக்குதல்ல, அதே மாதிரி ஒரு பைலு. பத்தாவது மார்க் ஷீட்டு எடுத்து வெச்சா. பன்னெண்டாவது எடுத்து வெச்சா. பள்ளிக்கூடம் போகாமயே எழுதற ஓப்பன் ஸ்கூல்ல தனியாப் பணம் கட்டி எழுதியிருக்கறா, ரெண்டையும். அன்னிக்கு நான் சத்தம் போட்டு வாங்கிட்டு வந்து பீரோவுல போட்டன்ல, அந்த டி.சி. சாதிச் சான்று. இருப்பிடச் சான்று. எல்லாத்துக்கும் மூணு மூணு ஜெராக்ஸ். என்ற மொகத்தைப் பாக்கலை. பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரி தொண்ணூத்தி நாலுங்க. லெட்டருமில்லை ஒண்ணுமில்லை, அவளே ஆன்லைன்ல அப்ளிகேசன் போட்டு, மார்க்குக்குக் கூப்புட்டிருக்காங்க.

உக்காந்த எடத்துலயே ஒண்ணொண்ணாத் தோணுது. இருப்பிடச் சான்றுன்னா எங்கூரு வி.ஏ.ஓ. விசாரிச்சுத்தானே குடுத்திருக்கோணும்? அந்த மனுசன் வாரத்துல நாலு நாளு என்றகூட டீ குடிக்கறவரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சென்னியப்பா இப்படி நடக்குதுன்னு சொல்லலை. ஏப்ரல் மாசமானா பூங்கொடி புள்ளைகளைக் கூட்டிட்டு ஈரோட்டுக்கு அக்கா ஊட்டுக்குப் போவா, மாங்கா ஊறுகா போடறதுக்குன்னு. பரீச்சைக்குப் போயிருக்காங்க. ஊறுகாயும் கொண்டாந்தாங்க, அதுதானுங்க கொடுமை. வருசம் பூரா அதைத் தொட்டுட்டு நான் தயிர்ச்சோறு தின்னிருக்கறேன்.

அப்ப சனிக்கிழமை சொன்னதெல்லாம் என்னது கண்ணு, அந்தச் சொம்புன்னு கேட்டேன். அந்தம்மா இருக்கறாங்கன்னு கூடப் பாக்கலை. அவ குனிஞ்சுட்டே சொல்றா, அது பத்தாவது சயின்ஸுல இருக்குதுங்கப்பா, மூணாம் பாடம்னு. மோட்டார் ரூமுல ஸ்டார்ட்டர் பொட்டிக்குப் பின்னால புஸ்தகத்தை ஒளிச்சு வெச்சுப் படிச்சிருக்குதுங்க, ரெண்டும். பாடத்தைப் படிச்சுட்டு வந்து சனிக்கிழமை என்றகிட்டக் கண்டுபிடிச்சேன்னு ஒப்பிச்சிருக்குதுங்க. நான் அதைத் தேதி போட்டு எழுதியிருக்கறேன். மூணாவது வால்யூம் பூராவுமே பாடப் புஸ்தகமுங்க. பொள்ளாச்சியில கை தட்டினாங்களே, அதுல நாலு பேராவது வாத்தியாருங்களா இருந்திருப்பாங்க. அவிய என்ன நெனச்சிருப்பாங்க?

ஏன் சாமி இப்படிப் பண்ணினேன்னேன். எதாவது சொல்லலைன்னா உங்க மொகம் வாடிப்போயிருமுங்கப்பா, அதுதான்னா.

கேட்டீங்களா கதைய? மொகம் வாடுதுன்னு மூணு வருசம் பொய் சொல்லுவாங்களா யாராச்சும்? அப்பா, நான் பரீச்சை எழுதறேன்னு நேரா வந்து கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? வேண்டாம்னு சொல்லியிருப்பேன், அது வேற. ஏன் வேண்டாம்னு உக்கார வெச்சு எடுத்துச் சொல்லியிருப்பேன். புரியற வரைக்கும் சொல்லியிருப்பேன். எங்க ஊட்டுல பேசறதுக்குத் தடையே இல்லீங்க.

அந்தம்மா பாவம், பேச்சை மாத்தறதுக்காக, ஊட்டுல யாரும்மா உனக்குச் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எங்கப்பாதானுங்க மேடம்னா. அந்த நேரத்துலயும் பொய்யுங்க. எதுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கறேன்னாங்க. டீச்சராகோணுமுங்க, பள்ளிக்கூடத்துலன்னா. பள்ளிக்கூடத்துல. என்ற புள்ளை. அந்தம்மா சிரிச்சுட்டு ரெண்டு பாரத்தை என்ற பக்கமாத் திருப்பி வெச்சு, பேனாவைக் கையில குடுத்தாங்க. காலேஜுக்கு ஒண்ணு, ஹாஸ்டலுக்கு ஒண்ணு, பெத்தவங்க கையெழுத்து வேணும் சார், இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி, தவறுனா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிரும்னாங்க.

நான் பேனாவை மூடி டேபிள் மேல வெச்சுட்டேன். இவளுக்குச் சொல்லிக்குடுத்தது நானில்லீங்கம்மா, ஆரு சொல்லிக்குடுத்தாங்களோ அவங்ககிட்டயே வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டு, என்ற வால்யூமை எடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பின்னாலயே ஓடி வருவான்னு நெனச்சேன். கேட்டு வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். வரலைங்க.

பஸ் ஸ்டாண்டுல வந்து ஆதனுக்குப் போன் போட்டேன். அவனாவது நம்ம பக்கம் இருப்பான்னு ஒரு நப்பாசை. உனக்கு இதெல்லாம் தெரியுமாடான்னேன். நானும் பத்தாவது எழுதிட்டனுங்கப்பான்னான். அப்புறம், பாஸுங்கப்பான்னான். எத்தனை மார்க்குன்னு கேக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கலை. அம்மாகிட்டக் குடுன்னேன். அம்மா வெளிய போயிருக்குதுன்னான். அவ எப்படிங்க லைனுக்கு வருவா, வாயத் தொறக்கறதுக்கு மொகம் வேணுமல்ல. இந்த மூணு பேரும் ஒரே ஊட்டுல, ஒரே சோத்தைத் தின்னுட்டு, மூணு வருசம் என்னை நடுவுல உக்கார வெச்சு நாடகம் போட்டிருக்காங்க. எனக்கு வருத்தமுங்க. மார்க்கு வாங்குனதுக்கில்லை. என்னை ஒரு ஆளா மதிச்சுச் சொல்லலையே.

என்னங்க சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் இரைச்சல்ல கேக்கலை. ஆரு தொணையும் இல்லாம தனியாப் படிச்சுத் தொண்ணூத்தி நாலு வாங்கறதுக்கு, படிக்கறது எப்படின்னு ஆரு சொல்லிக்குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? அவ அந்தம்மாகிட்டச் சொன்னது பொய்யில்லைங்கறீங்களா? நீங்க என்ன அவளுக்குச் சப்போர்ட்டா? இல்லீங்க, கோவமில்லை. வாசிக்கச் சொல்லிக்குடுத்தது நாந்தான், அது மெய்தான். தேங்காயை வெட்டி வெச்சுப் பின்னக் கணக்குச் சொல்லிக்குடுத்தேன். எதைச் சொன்னாலும் ஏன்னு கேளுன்னு சொல்லிக்குடுத்தேன். என்றகிட்டத்தான் அவ ஏன்னு கேட்டதே இல்லை.

பாருங்க, போனு. அவ போட்டோதான் வருது. நாலாவது தடவை. எடுக்க மாட்டனுங்க. அழுவா, எடுத்தா எனக்குத் தாங்காது. குரூப்புலயும் காலையில இருந்து கேட்டுட்டே இருக்கறாங்க, மதி அட்மிசன் என்னாச்சு அண்ணான்னு. என்னத்தைச் சொல்லுவேன்.

இது எங்கங்க, நீலாம்பூரு தாண்டிட்டமா? மணி மூணே காலுங்களா.

அங்க வராண்டாவுல ஒரு பெஞ்சு கெடக்குதுங்க. அதுலதான் உக்காந்திருக்கும். காலையில ரெண்டு இட்லி தின்னதோட சரி. கையில அந்த ரெண்டு பாரத்தையும் வெச்சுட்டு, போறவங்க வர்றவங்க மொகத்தைப் பாத்துட்டு, அப்பா திரும்பி வந்துருவாரான்னு உக்காந்திருக்கும். கோயமுத்தூருல அதுக்கு ஆரைத் தெரியும்? ஒரு சாக்ஸுக்கு முட்டி போட வெச்சாங்கன்னு எட்டு வருசம் நெஞ்சுல வெச்சு வளத்தேன், இன்னிக்கு நானே நடுக்காலேஜுல விட்டுட்டு வந்திருக்கறேன்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. கருமத்தம்பட்டியில எறங்கி எதுக்கால வர்ற பஸ்ஸைப் புடிச்சா அஞ்சு மணிக்குள்ள போயிரலாமுங்களா? போயிரலாங்கறீங்களா? நாலரைக்கே போயிரலாமா? மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்லீங்க. மன்னிப்பு வேற, கையெழுத்து வேற. போட்டுக் குடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம, அடுத்த பஸ்ஸுல வந்துருவேன். இல்லை, சாப்பாடு மட்டும் வாங்கிக் குடுத்துட்டு வந்துருவேன். கொஞ்சம் வழி விடறீங்களா? அந்த மஞ்சப் பையையும் எடுத்துக் குடுத்துருங்க. வேண்டாம், அது கெடக்குது, அப்புறம் எடுத்துக்கலாம்.

இருங்க, மெசேஜு வருது. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, கண்ணாடியை அந்தம்மா டேபிள்லயே விட்டுட்டு வந்துட்டேன். பூங்கொடியா? என்ன போட்டிருக்கறா?

“மதி நாலு தடவை கூப்புட்டா, நீங்க எடுக்கலை. கண்ணாடியை வெச்சுட்டுப் போயிட்டீங்கன்னு சொல்லத்தான் கூப்புட்டா. நான் காலையிலயே உங்களுக்கு அடுத்த பஸ்ஸுல வந்துட்டேன், கேண்டீன்லதான் இருந்தேன். அப்பா எந்திரிச்சுப் போயிருவாரு, நீ வந்து இருந்துக்கோன்னு மதிதான் வரச்சொன்னா. கையெழுத்து ரெண்டையும் நான் போட்டுட்டேன், அம்மா கையெழுத்தே போதுமாம். சோறாக்கி வெச்சிருக்கறேன். ஆதனையும் உக்கார வெச்சுச் சாப்புடுங்க.”

இன்னொரு தடவை படிங்க. கடைசி வேண்டாம், அந்த நடுவுல இருக்கறது. மதிதான் வரச்சொன்னான்னா போட்டிருக்குது?

எப்பச் சொல்லியிருப்பா? நேத்தே சொல்லியிருப்பா. காலையில பஸ்ஸுல இந்தத் தோள்லதானுங்க சாஞ்சு தூங்கிட்டு வந்தா, கோபியில இருந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். பள்ளம் வந்தப்பெல்லாம் எந்திரிச்சுரக்கூடாதுன்னு நான் அசையாம உக்காந்துட்டு வந்தேன். நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு அப்பவே அதுக்குத் தெரிஞ்சிருக்குது.

கருமத்தம்பட்டிதானுங்க இது. கண்டக்டர் கேக்கறாரு, எறங்கறது ஆருன்னு. இல்லீங்க, நீங்க எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. ஆரும் எறங்கலைன்னு சொல்லீருங்க.